ஜீப்பில் ஏறிய காற்று மெஷின்

போன வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் ஜீப் என் கையை விட்டுப் போயிருக்க வேண்டும். போகவில்லை. என் சாமர்த்தியத்தால் அல்ல... அதுதான் வருத்தம்.

ஜீப்பைப் பற்றி எழுதினால் உங்களில் ஐந்து பேர் கடிதம் போடுகிறீர்கள். மூன்று பேர் பாராட்டி, இரண்டு பேர் ‘இவருக்கு வேறு விஷயமே கிடையாதா?’ என்று. அந்த இருவரும் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

வீடு முள்ளுக்குறிச்சியில். மலை மேல் எடப்புளி நாட்டில் கொஞ்சம் மிளகு. வாரம் ஒரு முறை ஜீப்பில் போய் வருகிறேன். மழை பெய்துவிட்டால் தோட்டத்துப் பாதை சேறு. டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்தால்தான் சக்கரம் மண்ணைப் பிடிக்கும். திரும்பும்போதோ கல் பாதை. காற்றுக் குறைந்த டயரோடு கல்லில் இறங்கினால் டியூப் ரிம்முக்கு அடியில் நசுங்கிக் கிழியும்.

ஆகவே சேறு முடிந்து கல் தொடங்கும் இடத்தில், ஒரு பெரிய பாறைக்குப் பக்கத்தில் நிறுத்தி, காற்றடிக்க வேண்டும். கைப்பம்பில் ஒரு சக்கரத்துக்கு நூற்று நாற்பது அடி. நான்குக்கு ஐந்நூற்று அறுபது. டிரைவர் மாரப்பன் முந்நூறு, நான் இருநூற்று அறுபது.

அதுவரை என் மனைவி பாவாயி அந்தப் பாறையில் உட்கார்ந்திருப்பாள். பாறையில் எறும்பு உண்டு.

போன மாதம் எழுந்து நின்று சேலையை உதறினாள்.

“ஏனுங்க, நீங்க அடியெல்லாம் எண்ணுனீங்களே, என்னைய எத்தன எறும்பு கடிச்சுதுன்னு எண்ணுனீங்களா?”

“அதெப்படிப் புள்ள எண்ணறது?”

“இன்னொருக்கா இந்தப் பாறையில என்னைய உக்கார வச்சீங்க... ஜீப்பு என் தம்பிக்கு. சொல்லிப்போட்டேன்.”

தம்பி என்றால் சேந்தமங்கலத்து மைத்துனர். இரண்டு வருடமாக ஜீப்பின் மேல் கண். வந்தால் எனக்கு ஒரு கும்பிடு, ஜீப்புக்கு மூன்று தடவல் — கன்றுக்குட்டியைத் தடவுவதுபோல. எப்படி விடுவேன்?

மாரப்பன் யுத்தத்தில் பட்டாளத்து லாரி ஓட்டியவர். அவர்தான் வழி சொன்னார். “காத்தடிக்கிற கம்ப்ரஸர் ஒண்ண வண்டியிலயே பூட்டிருவோமுங்க. இஞ்சின் ஓடுனா அதுவும் ஓடும். நாம சும்மா நின்னாப் போதும்.”

பட்டாளத்து லாரி ஒன்றின் கம்ப்ரஸர், அதன் காற்றுத் தொட்டியோடு பழைய சாமான் கடையில் கிடைத்தது. இஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புத் தாங்கி, அதில் கம்ப்ரஸர். விசிறிப் புல்லியிலிருந்து அதற்கு இரண்டாவதாக ஒரு பெல்ட். பின் சீட்டுக்கு அடியில் தொட்டி. நடுவே செப்புக் குழாய், ஒன்பது இணைப்பு.

சொல்லும்போது சுலபம். முதல் நாள் பெல்ட் மூன்று முறை கழன்று ஓடியது, புல்லிகள் ஒரு விரற்கடை நேர் தப்பியிருந்ததால். இரண்டாம் நாள் தாங்கியே விரிசல் விட்டது. நான்காம் நாள்தான் தொட்டியின் அழுத்தம் காட்டும் கேஜ் முள் எண்பது பவுண்டைத் தொட்டது. ஆறே நிமிடம்! அந்தச் சந்தோஷத்தில் கைப்பம்பை சைக்கிள் கடைக்காரருக்குத் தானமாகக் கொடுத்துவிட்டேன். புதிது வந்தவுடன் பழையதைக் கொடுத்துப் பெரிய மனுஷன் ஆகிவிட வேண்டும் என்று நமக்கு ஏன்தான் இந்த அவசரமோ?

அந்த வாரம் தனியாகப் போனேன். அற்புதமாக வேலை செய்தது. போன வியாழன் பாவாயியை ஏற்றிக்கொண்டு போனேன். திரும்பும்போது அதே இடம், அதே பாறை. நிறுத்தினோம். கேஜைப் பார்த்தேன்.

இருபது பவுண்டு.

இஞ்சினை வேகமாக ஓடவிட்டோம். இருபது. டயருக்கு இருபத்தாறு வேண்டும். இருபதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கைப்பம்போ சைக்கிள் கடையில்.

பாவாயியைப் பார்த்தேன். பின் சீட்டில் சாய்ந்து, கண்ணை மூடி, ராணி மாதிரி இருந்தாள். புயலுக்கு முந்தைய அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

மாரப்பன் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினார். “பெல்ட்டு சரியா இருக்குதுங்க.” காற்று உள்ளே போகும் வாயில் கட்டியிருந்த வலைத்துணியை அவிழ்த்து உதறினார். அப்போதும் இருபது.

“எங்கியோ ஒழுகுதுங்கையா. சோப்புத் தண்ணி இருந்தா இணைப்புல தடவிப் பாக்கலாம். ஒழுகுற எடத்துல குமிழி வரும்.”

சோப்புக்கு எங்கே போவது? பாவாயி கண்ணைத் திறக்காமலே கூடையைக் காட்டினாள். ஓடையில் தலை முழுகக் கொண்டுவந்த அரப்புத் தூள் மிச்சம் இருந்தது. கரைத்து நுரை வரக் கலக்கினோம். நான் எண்ண எண்ண மாரப்பன் தடவினார். ஒன்று... இரண்டு... ஒன்பது. குமிழி இல்லை. கம்ப்ரஸர் தலை குளித்ததுதான் மிச்சம்.

“இஞ்சினை நிறுத்து மாரப்பா. முள் எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்ப்போம்.”

நிறுத்தினார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணினேன். அறுபது எண்ணுவதற்குள் முள் பூஜ்யம். தொட்டி காலி. மணி பதினொன்று இருபது.

பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்க, ஏன் நிறுத்திப்போட்டீங்க? சொகமா இருந்துச்சே.”

“எது?”

“காத்துதானுங்க. தோட்டத்துல ஏறுனதுலருந்து கணுக்காலுக்கு ஜில்லுனு வந்துச்சு. மறுக்காப் போடுங்க.”

மாரப்பன் என்னைப் பார்த்தார். நான் மாரப்பனைப் பார்த்தேன். இருவரும் பின் சீட்டுக்கு அடியில் குனிந்தோம்.

காற்றோடு வரும் ஈரம் தொட்டியில் தண்ணீராகச் சேரும். அதை வடிக்க ஒரு திருகு உண்டு. கிளம்புமுன் திறந்து வடித்துவிட்டு மூடுவது என் வேலை. மூட மூன்று சுற்று. அன்றும் தோட்டத்தில் மூன்று சுற்றுத்தான் சுற்றினேன், எண்ணி. அதனால்தான் பத்தாவது இடமாக அதைச் சோதிக்கத் தோன்றவில்லை. நான் எண்ணியதை நானே சந்தேகப்படுவதா?

“பழைய திருகு காது ஒடிஞ்சு போச்சுன்னு திங்கக்கெழமை மாத்துனனுங்களே. இதுக்கு அஞ்சு சுத்து.”

“என்கிட்ட ஏன் சொல்லலே?”

“சொன்னனுங்கையா. நீங்க அப்ப என்னமோ எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

பாவாயிக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரம் ஆனது. பிறகு சிரித்தாள் பாருங்கள்... கூடையே குலுங்கியது.

“காத்து மெஷினுன்னு சொன்னீங்க. எனக்குப் புழுங்கும்னு வச்சீங்களாக்கும்னு நெனச்சேன். பரவாயில்லையே, இந்த மனுசனுக்கும் இப்படியெல்லாம் தோணுதேன்னு...”

முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவளுக்குப் புழுங்குமே என்று நான் எதையும் வைத்ததில்லை. இதையும் அவளுக்காக வைக்கவில்லை. திருகை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். முள் கடகடவென்று ஏறியது. நான்கு சக்கரமும் பதினோரு நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டன. அவள் காலுக்குக் காற்று நின்றது.

பாதி மலை இறங்கியதும் மெதுவாகக் கேட்டேன், “உன் தம்பிக்கு எப்பச் சொல்லி அனுப்பறது?”

“எதுக்குங்க?”

“முக்கால் மணி நேரம் நிறுத்திப்போட்டேனே...”

“நான் எங்கீங்க பாறையில உக்காந்தேன்? ஜீப்புலதான இருந்தேன்!” என்றாள். சிறிது தூரம் போனபின், “இப்பத்தான் புழுங்குது” என்றாள்.

நேற்று மறுபடி போய் வந்தோம். கேஜ் முள் எண்பதுக்கு ஏற ஆறு நிமிடம் போதாமல் ஒன்பது ஆயிற்று. மாரப்பன் எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு, காரணம் பிடிபடாமல் தலையைச் சொறிகிறார்.

அவரிடம் சொல்லிவிடாதீர்கள் — பாவாயி ஏறும் நாளில் அந்தத் திருகுக்கு நாலரைச் சுற்றுத்தான்.