இருமலுக்கு ஒரு குலவை

அப்பாவின் காலில் சேறு பூசுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அந்த நாளை நினைத்தால் இந்த வயதிலும் எனக்குக் கால் தரையில் பாவாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கு டி.பி. நாலு மாதமாகப் பின்கட்டுச் சார்ப்பில் கயிற்றுக் கட்டில், தனித் தட்டு, தனிக் குவளை. நான் கிட்டப் போகக் கூடாது. எல்லாம் அம்மாதான். விடியலில் கஞ்சி ஊட்டிவிட்டு நடவுக்கு ஓடுவாள். உச்சிப்பொழுதில் கம்பவுண்டர் ஊசி போட வருகிற நேரத்துக்குச் சேற்றுக் காலோடு வீட்டுக்கு ஓடிவருவாள். அவள் திரும்புகிறவரை அவள் நடவேண்டிய நிரையைப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் சேர்த்து நட்டுக்கொண்டு போவார்கள். அம்மாவின் நிரை ஒரு நாளும் பின்தங்கியதில்லை. எங்கள் ஊர் நடவுப் பெண்கள் அப்படி. பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஆட்சி மாறிய புதிது. குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவன் தன் பெயரைப் பதிந்துவிட்டால் பண்ணை அவனை வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்தது. நாங்கள் பண்ணையின் ஐந்து மா நிலத்தைப் பயிர் செய்தோம். "படுத்துக் கெடக்குறவன் எப்படிடா பயிர் பண்ணுவான்?" என்று பண்ணைக் காரியக்காரர் ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தார். அது காதில் விழுந்ததிலிருந்து அப்பா ஊசிக்குக் கையைக் காட்டவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நெலமே போவப் போவுது. ஊசி எதுக்கு?"

மூன்று நாள் கம்பவுண்டர் வந்து வந்து திரும்பினார். நாலாம் நாள் அம்மா தாலுகா ஆபீசுக்கு நடந்தே போய்வந்தாள். வந்ததும் கட்டிலருகே நின்று, "நாளைக்கு அதிகாரி வயலுக்கு வராரு. நீங்க அங்க இருக்கணுமாம். உங்களப் பாத்தாதான் எழுதுவாராம்" என்றாள். அப்பா மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

மறுநாள் நாலு பெண்கள் கட்டிலோடு அவரைத் தூக்கிக்கொண்டு வரப்பில் போனார்கள். முன்னால் அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை. நடவுக்கு அவள்தான் தலைவி.

"ஏண்டா தம்பி, கல்யாணத்துக்கே உன்ன நடத்திதான் கூட்டிட்டுப் போனோம். இப்பப் பாரு, பல்லக்கு!"

"பாத்துத் தூக்குங்கடி. மாப்புள்ள கீழ வுழுந்தா பொண்ணு வேற ஆளப் பாத்துரும்" என்றாள் பின்கால் பிடித்தவள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள்.

வயலில் அப்பாவை வரப்பில் உட்காரவைத்துக் கட்டிலை வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளித்தார்கள். அத்தை அவர் காலைப் பார்த்தாள். "என்னடா இது, அவிச்ச கெழங்காட்டம் வெளுத்துக் கெடக்கு! பாப்பா, சேத்தப் பூசு."

நாலு மாதமாகத் தொடாத அப்பா. முழங்காலோடு நான் நிறுத்தவில்லை. கைக்கும் பூசினேன், மூக்கு நுனியிலும் ஒரு பொட்டு வைத்தேன். "கூசுது பாப்பா, கூசுது" என்று அவர் சிரித்தார். இருமலும் வந்தது. எல்லோரும் நிமிர்ந்துவிட்டார்கள். அதிகாரி முன்னால் இது வந்தால்?

அத்தைதான் வழி சொன்னாள். "பாப்பா, அப்பா துண்டு வாய்க்குப் போச்சுன்னா நீ கையத் தூக்கு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

அதிகாரி வந்தார், கூடவே காரியக்காரரும். அப்பாவின் கை துண்டுக்குப் போனது. நான் கையைத் தூக்கினேன். இருபது பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள்! கொக்கெல்லாம் எழுந்து பறந்தது. மறுபடி துண்டு, மறுபடி குலவை. எனக்கு உற்சாகம் தலைக்கேறி, துண்டு போகாதபோதும் ஒரு தடவை கையைத் தூக்கிவிட்டேன்.

"என்னம்மா, நிமிசத்துக்கு ஒரு குலவை?" என்றார் அதிகாரி.

"இந்த நெல்லு கொலவ கேட்டாத்தான் வேர் புடிக்கும் சாமி" என்றாள் அத்தை.

"சார், அவன் இருமறான் சார்!" என்று காரியக்காரர் கத்தினார். அதற்கும் ஒரு குலவை. அவர் முகம் மிளகாய்ப்பழமாகிவிட்டது. "பொம்மையக்கூட இப்படி உக்கார வைக்கலாம் சார். எழுந்து நாத்து நடச் சொல்லுங்க, பாப்போம்!"

குலவை நின்றுபோனது. அம்மா குனிந்த தலை நிமிரவில்லை, ஆனால் நாற்றுப் பிடித்த கை அப்படியே நின்றது. அப்பா வரப்பில் கையூன்றி எழுந்தார். ஆடினார். ஒரு நாற்றுமுடியை எடுத்துப் பிரித்துக் குனிந்தார். ஒரு முடி முழுக்க நட்டு முடித்தார். கோணல் மாணல்தான். ஆனாலும் நட்டார். பிறகு நிமிர்ந்து, "நான்தாங்க சாகுபடி பண்றேன்" என்றார். அதிகாரி எழுதிக்கொண்டார். காரியக்காரர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

அதிகாரி கால் கழுவ மடைக்கு வந்தார். அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"நேத்தே சொன்னேனேம்மா. குடும்பத்துல ஒருத்தர் பாடுபட்டாப் போதும்னு சட்டத்துலயே இருக்கு. நீ நடறதே கணக்குதான். அந்த மனுசன ஏன் வெயில்ல கொண்டாந்து போட்டே?"

"தெரியுங்கய்யா" என்றாள் அம்மா. "கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவரு காதுல வுழப்போவுது."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்படியானால் பல்லக்கு எதற்கு, தொண்டை கிழிய அத்தனை குலவை எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் அப்பா கம்பவுண்டருக்குத் தானே கையை நீட்டினார். வட்டிலில் சோறு கேட்டார். வாசலில் நின்ற பெண்களிடம், "நான் மட்டும் எழுந்து நிக்கலன்னு வையி, இன்னிக்கு நெலம் போயிருக்கும்" என்றார்.

"போயிருக்கும், போயிருக்கும்" என்றாள் அம்மா, சோற்றைப் பிசைந்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்லப்பா, அந்த ஐயா என்ன சொன்னாருன்னா..." என்று வாயைத் திறந்தேன். அம்மா சட்டென்று ஒரு பெரிய உருண்டையை உருட்டி என் வாயில் வைத்து அடைத்தாள். கருவாட்டுக் குழம்புச் சோறு, உருண்டைக்குள் முழுத் துண்டு கருவாடு. மென்று முடிக்கவே வெகுநேரம் ஆனது.

கையை நன்றாகத் தூக்கினேன் என்று அம்மா எனக்குக் கொடுத்த பரிசு அது என்றுதான் நினைத்துக்கொண்டேன்.