சிரிக்கக் காத்திருந்த கை

தில்லி முனிர்காவில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. வெள்ளை மீசை, தோளில் எப்போதும் ஒரு பழுப்புச் சால்வை. சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவன் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டுத்தான் சிரிப்பார்.

அந்த அடியை நம்பித்தான் அவரைத் தமிழ்ப் படத்துக்குக் கூட்டிப்போனேன். தனியாக வந்தாலே அரங்கைக் குலுக்கிவிடும் நடிகர்கள் நான்கு பேர் சேர்ந்து நடித்த நகைச்சுவைப் படம். ஒரு வாரமாக அவரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். படத்தில் நால்வரும் மாறி மாறிக் கத்தினார்கள், வழுக்கி விழுந்தார்கள், அவ்வளவுதான். அவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கீழே ஓடிய ஆங்கில வரிகளைப் படித்தார். அவர் கை என் தொடைக்கு மேல் தயாராக நின்றது. இடைவேளைக்குப் பிறகு அதுவும் சால்வைக்குள் போய்விட்டது.

வெளியே வந்ததும் இந்தியில் கேட்டார்: "பேட்டா, இங்கிலீஷ்ல சரியா எழுதலைபோல. தமிழ்ல நல்லா இருந்துச்சு, இல்லையா?"

"ஆமா அங்கிள், தமிழ்ல ரொம்ப நல்லா இருந்துச்சு."

மறுநாள் மாடிப்படி ஏறும்போது, பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் சொல்வது கேட்டது: "படம் அருமை. எனக்குத்தான் ரசிக்கத் தெரியலை."

பால் வாங்க மறந்தவன்போல் நான் மறுபடி தெருவுக்கு இறங்கிவிட்டேன்.