இருபதாவது தூள்

இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் கணக்குப் பிரிவில் சேர்ந்தபோது எட்னா தர்க்கெட்டிலுக்கு வயது இருபத்தொன்று. 1937 ஆகஸ்டில் முப்பத்தொன்பது. இடைப்பட்ட காலம் முழுக்க அவள் செய்தது ஒரே வேலை: வயலிலிருந்து வரும் எடைகளைக் கணக்கு இயந்திரத்தில் ஏற்றி அதன் கைப்பிடியைச் சுற்றுவது. வலது தோள் எப்போதோ போய்விட்டது. தலை வாருவதுகூட இடது கையால்தான்.

எட்டு வருடமாக நிலையத்துக்குத் தூள் தூளாக வந்துகொண்டிருந்தது. எலும்புத் தூள், மீன் தூள், கரித் தூள் என்று பத்தொன்பது. போட்டால் பார்லி கொழிக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் யாராவது சத்தியம் செய்தார்கள். பத்தொன்பது முறையும் எட்னா "பலன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை" என்று எழுதினாள். விவசாயிகள் அவளைக் கடைத்தெருவில் பார்த்தால், "இல்லைக்காரி வர்றா" என்பார்கள்.

இருபதாவது, கடற்பாசித் தூள். அதைச் சோதிக்க அவள் தம்பி வால்ட்டரே தன் நிலத்தைக் கொடுத்திருந்தான். மூன்று வருடமாக அவனுக்கு விளைச்சல் சரியில்லை. எட்டுப் பாத்தி கட்டி, எந்த நான்குக்குத் தூள் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். அறுவடை எடைகள் வந்ததும் எட்னா கணக்குப் போட்டாள். தூள் போட்ட பாத்திகள் நன்றாகவே முந்தியிருந்தன. மறுபடி போட்டாள். அதே விடைதான். யாரும் இல்லாத அறையில் அவள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

நிலையத் தலைவர் டாக்டர் கேஸ்வெல்லுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"தேறிடுச்சு, மிஸ் தர்க்கெட்டில்! அடுத்த மாசம் விவசாயிகள் கூட்டத்துல சொல்லிடறேன். அறிக்கையை நாளைக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

சைக்கிளை மிதித்துப் பாதி வழி வந்தபோதுதான் அவளுக்கு அந்த எண்ணிக்கை உறைத்தது. இருபது. வீட்டுக்குப் போகாமல் வால்ட்டரின் பண்ணைக்குத் திருப்பினாள்.

வால்ட்டர் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "கேள்விப்பட்டேன். ஊரே பேசுது. இப்பவாவது உன் வாயில 'உண்டு'ன்னு வந்துச்சே!"

"உட்காரு வால்ட்டர். அந்தத் தூளுக்கு ஒரு சக்தியும் இல்லன்னு வெச்சுக்கோ."

"ஏன் வெச்சுக்கணும்? அதான் இருக்கே."

"சும்மா வெச்சுக்கோடா. சக்தி இல்லன்னா, போட்டாலும் போடாட்டாலும் அந்த எட்டுப் பாத்தியும் இதே எடைதான் குடுத்திருக்கும். நல்ல பாத்தியெல்லாம் தூள் பக்கம் விழுந்தது சீட்டோட வேலை. எட்டுல நாலைப் பொறுக்க எழுபது வழி இருக்கு. அத்தனையும் எழுதிப் பார்த்தேன். மூணு வழியில இவ்வளவு வித்தியாசம், இல்ல இதுக்கு மேல, தானாவே வருது."

"எழுபதுல மூணுதானே? அப்ப தூள்தான் காரணம்."

"இருபதுல ஒண்ணுக்குக் கீழே இருந்தா தேறிச்சுன்னு ஒத்துக்கறோம். இது கீழதான் இருக்கு. ஆனா நான் சோதிச்சது ஒரு தூளையா? இருபது தூளை. இருபதும் வெறும் மண்ணா இருந்தாக்கூட ஏதாவது ஒண்ணு அதிர்ஷ்டத்துல தேறத்தான் வாய்ப்பு அதிகம்."

வால்ட்டர் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப தூள் வேலை செய்யாதுங்கறே."

"அப்படியும் சொல்லல. எனக்குத் தெரியாது. இன்னொரு வருஷம் போட்டுப் பார்க்கணும்."

"பதினெட்டு வருஷம் அந்தக் கைப்பிடியைச் சுத்திட்டு 'தெரியாது'ங்கறே. உன் தம்பிக்கு ஒரு நல்லது நடந்தா உனக்குப் பொறுக்கல, அவ்வளவுதான்."

அவள் எழுந்து வெளியே வந்தாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் அறிக்கையில் முந்தைய பத்தொன்பது தூள்களையும் வரிசையாக எழுதி, "மறுசோதனை செய்யும்வரை நம்பவேண்டாம்" என்று சேர்த்தாள். கேஸ்வெல் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி வரியை எடுத்துடுங்க."

"எடுத்துட்டு நீங்களே கையெழுத்துப் போடுங்க, டாக்டர். நான் போடமாட்டேன்."

"ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்க. ஒரு வாரம் லீவு எடுத்துக்கலாமே?"

"களைப்புதான். ஆனா லீவு முடிஞ்சு வந்தாலும் இருபது இருபதுதான்."

அவர் இதைப் பற்றிக் கூட்டத்தில் பேசப்போவதில்லை என்று சொல்லி அறிக்கையை இழுப்பறையில் போட்டார். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. வால்ட்டர் அதுவும் பேசவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த வருடம் மூன்று பண்ணைகளில் இருபத்துநான்கு பாத்திகள் கட்டினார்கள். வால்ட்டர் இந்த முறை நிலம் தரவில்லை. எடைகள் வந்தன. நான்கு நாள் கைப்பிடியைச் சுற்றி எட்னா விடை கண்டாள். வித்தியாசம் இருந்தது, ஆனால் இத்துனூண்டு. வெறும் சீட்டுக் குலுக்கலிலேயே நூற்றுக்கு நாற்பது தடவை வரக்கூடியது. நிமிர்ந்து உட்கார்ந்தபோது அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. போன ஆகஸ்டில் தனியறையில் சிரித்துக்கொண்ட அந்த ஒரு மத்தியானத்தை நினைத்துக்கொண்டாள். தூள் வேலை செய்யவேண்டும் என்று இந்த ஊரில் அவளைவிட யாரும் ஆசைப்பட்டிருக்கமுடியாது.

சனிக்கிழமை வால்ட்டர் வாசலில் வந்து நின்றான், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"இல்லதானே?"

"சான்று இல்ல."

"அதையே சுத்திச் சுத்திச் சொல்லு." அவன் உள்ளே வந்து, அவள் கையிலிருந்த கரி வாளியை வாங்கி அடுப்பருகே வைத்தான். "தோள் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றாள் எட்னா. அதற்கு மட்டும் அவளுக்குச் சோதனை தேவைப்படவில்லை.