இடப்பக்கத்து நீலத் துண்டு

முதல் அறிகுறி தலைவலியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஒரு நீலத் துண்டு காணாமல் போனதுதான். இதே நோய் வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவர் திடீரென்று எல்லோரையும் கள்ளர் என்று சொல்லத் தொடங்கினால், சண்டை பிடிப்பதற்கு முன் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் மோட்டார் பூட்டிய தையல் மெசின் இருக்கிறது. எங்கள் மாதா கோயில் மாதர் சங்கத்தில் முப்பத்தாறு பெண்கள் ஆளுக்கொரு துணிச் சதுரம் தந்திருந்தார்கள். எல்லாவற்றையும் மூட்டியாயிற்று. இனி அடியில் பஞ்சும் அதற்கும் அடியில் பருத்தித் துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்க வேண்டும். நத்தார்ப் பண்டிகைக்கு இயேசு பாலன் குடிலின் பின்னால் சுவர் நிறையத் தொங்கவிடப்போகும் விரிப்பு. பாதியைச் சுருட்டி மெசினின் கைக்குள் திணித்தால்தான் மீதியைத் தைக்கலாம். ஈரப் பாயை இழுப்பதுபோல் கனக்கும்.

என் தங்கை ஸ்டெல்லாவும் தைப்பாள். அம்மா வளவுக் காணியை இரண்டாகப் பிரித்து எங்கள் இருவருக்கும் சீதனமாகத் தந்ததால் அவள் வீடு பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வேலையைத் தானே செய்ய அவளுக்கு ஆசை. சங்கத் தலைவி பிலோமினா அக்கா என்னிடம் தந்துவிட்டார். "நல்லம்," என்று மட்டும் ஸ்டெல்லா சொன்னாள். அந்த "நல்லம்" எனக்குப் பிடிக்கவில்லை. நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. அதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை.

அவள் தந்த சதுரம் அம்மாவின் நீலச் சேலையில் வெட்டியது. இடப்பக்கக் கீழ் மூலையில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை பார்த்தால் அது அங்கே இல்லை.

அதற்கு முன்பே கத்தரிக்கோல் காணாமல் போயிருந்தது. நாற்காலியை யாரோ நகர்த்தி வைப்பதுபோல் என் இடது முழங்கால் இடிபட்டுக்கொண்டே இருந்தது. கதவு நிலைகூடத் தோளில் மோதியது. வேலைகெட்ட யாரோ வந்துபோகிறார்கள் என்று முடிவுகட்டினேன். கோயிலுக்குப் போகும் முன் முன்னறையில் முகப்பவுடரைத் தூவிவிட்டுப் போனேன். திரும்பிவந்து பார்த்தபோது என் காலடிகள் மட்டுமே இருந்தன. ஸ்டெல்லா தன் அடியை அழித்துவிட்டுப் போயிருக்கிறாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை எந்த மட்டில் என்று பார்க்கப் பிலோமினா அக்கா இரண்டு பெண்களோடு வந்தார். ஸ்டெல்லாவும் கூட வந்தாள். நான் விட்டுவைக்கவில்லை.

"உன்ட துண்டை ஏன் கழட்டினாய்? வேலை கிடைக்கல்லை எண்ட எரிச்சலா?"

"என்னக்கா சொல்றாய்? நான் மெசினுக்குக் கிட்டவும் வரல்லையே."

எல்லோரும் மெசினில் கிடந்த விரிப்பின் மூலையைப் பார்த்தார்கள். அங்கே நீலம் இல்லை. பிறகு எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு வென்றுவிட்டதுபோல் இருந்தது. இப்போது எழுதக் கூசுகிறது.

அடுத்த நாள் மத்தியானம் கணவர் சோறு போட்டுத் தந்தார்.

"எனக்கு மீன் வைக்கல்லையா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு சோற்றுக் கோப்பையைப் பிடித்து மெல்லச் சுற்றினார். பொரித்த மீன் துண்டு ஒன்று கண்முன் வந்தது.

"இப்ப வச்சதுதானே?"

"அது முதலே இருந்தது. எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவம்."

அவருக்கும் ஸ்டெல்லாவுக்கும் ஏதோ பேச்சு நடந்திருக்கிறது என்று வழிநெடுக நினைத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு தாளின் மூலையில் என் கையெழுத்தை வாங்கி, தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள் கீறி, எல்லாவற்றையும் பேனையால் குறுக்கே வெட்டச் சொன்னார். வெட்டி முடித்துப் பேனையை வைத்தேன். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பினார். பாதிக் கோடுகள் வெட்டப்படாமல் கிடந்தன.

"இது வேற தாள்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "உங்கட கையெழுத்து மூலையில இருக்கு, பாருங்கம்மா."

இருந்தது.

சி.ரி. ஸ்கான் (மூளையை அடுக்கடுக்காகக் காட்டும் படம்) எடுத்தார்கள். பாரிசவாதம் (மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது) என்றார்கள். பாரிசவாதம் என்றால் கைகால் விழுந்துவிடும் என்றுதான் எனக்குத் தெரியும். என் கைகால் நன்றாகத்தான் இருந்தன. அடைப்பு மூளையின் வலது பின்புறத்தில் வந்திருந்தது. பார்வைப் புல இழப்பு (இரண்டு கண்களுக்கும் ஒரே பக்கம் தெரியாமல் போவது) என்பதுதான் எனக்கு வந்தது.

"கண்ணில பிழை இல்லை. இடப்பக்கம் தெரியல்லை எண்டு மூளை உங்களுக்குச் சொல்லவும் இல்லை. அதால அங்க ஒண்டும் இல்லை எண்டு நினைக்கிறீங்க," என்று டாக்டர் விளக்கினார்.

இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை தந்தார். பிரஷரைக் குறைக்கவும் தந்தார். ஒரு பயிற்சியும் சொன்னார்: எதைச் செய்தாலும் தலையை முழுதாக இடப்பக்கம் திருப்பிப் பார்க்க வேண்டும். கணவர் கதவு நிலையிலும் மெசின் மேசையின் இடது ஓரத்திலும் சிவப்பு நாடா ஒட்டினார். சிவப்பு தெரியும்வரை திரும்ப வேண்டும் என்பது சட்டம்.

ஒரு காலை அந்தச் சட்டப்படி மெசின் முன் உட்கார்ந்து இடப்பக்கம் திரும்பினேன். நாடாவைக் கண்டதும், அங்கிருந்து கையால் துணியைத் தடவிக்கொண்டு வந்தேன். கீழ் மூலையில் துணி இரட்டிப்பாகத் தடித்திருந்தது. புரட்டிப் பார்த்தேன். நீலச் சதுரம் அடிப்பக்கமாக மடிந்து, விரிப்போடு சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. நூல் என்னுடையது. நெருக்கமான அந்தத் தையலும் என்னுடையதுதான். ஊசிக்கு இடப்பக்கம் துணி மடிந்து கிடந்ததைக் காணாமலே மோட்டாரை ஓட்டியிருக்கிறேன்.

வீட்டில் யாரும் இல்லை. பிரித்து நேராகத் தைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. துண்டு எப்படியோ திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். ஸ்டெல்லாதான் பயந்து கொண்டுவந்து வைத்தாள் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள். காணாமல் போன கத்தரிக்கோலும் அந்த இடப்பக்கத்திலேயே கிடந்தது; அதைக் கையில் எடுத்தும்விட்டேன். பிறகு வைத்துவிட்டுப் பிலோமினா அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

அன்றைக்கு வந்த அதே மூன்று பேருக்கும் ஸ்டெல்லாவுக்கும் முன்னால் அந்தத் தையலைப் பிரித்தேன். நீலம் கசங்கிப்போய் வெளியே வந்தது. "தங்கச்சி எடுக்கல்லை. நான்தான்," என்றேன். அழுதேன்.

மற்றவர்கள் போனபின் ஸ்டெல்லா ஒரு கதிரையை இழுத்து என் இடப்பக்கத்தில் போட்டாள்.

"நீ ஊசியைப் பார். இந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறன்."

முன்பு ஒரு சதுரத்துக்குக் கால் மணி நேரம் போதும். இப்போது ஒரு காலை முழுவதும் போய்விடுகிறது. பாதி உலகத்தைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருப்பதால் பொழுது நீண்டுவிட்டது. கழுத்து வலிக்கிறது. என் இடது கைகூடச் சில வேளை யாரோ ஒருத்தியின் கைபோல் துணிமேல் வந்து நிற்கிறது.

ஊசியைப் பார்த்தால் ஸ்டெல்லா தெரியமாட்டாள். அவள் கதிரை இருக்கும் இடம் எனக்கு வெறும் இடம். துணி இழுபடாமல் நேராகப் போவதை வைத்துத்தான் அவள் இருக்கிறாள் என்று நம்ப வேண்டும். என்னைப் போன்றவளுக்கு அது லேசான காரியமா?

"இருக்கிறியா?" என்று அடிக்கடி கேட்பேன். அவள் பதில் சொல்லமாட்டாள். தலையைத் திருப்பிப் பார்ப்பேன். துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். இன்னும் கோபம் ஆறவில்லை, பழிவாங்குகிறாள் என்றே நினைத்திருந்தேன். கடைசி வரிசையில் பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டேன்.

"கேட்டா ஒரு 'ஓம்' சொன்னா என்னடி?"

"சொன்னா நீ திரும்பமாட்டாய்," என்றாள்.