கடைசிப் பக்கம் கிழிந்த புத்தகம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் பிறப்பில் தொடங்கி இறப்பில் முடியும் ஒரு கட்டுரையை எதிர்பார்ப்பீர்கள். அதுதான் முறை. ஆனால் அக்கா எதையும் அப்படிப் படித்தவர்கள் அல்லர். எந்தப் புத்தகமானாலும் கடைசிப் பக்கத்தைப் பிரித்து முடிவைத் தெரிந்துகொண்டுதான் முதல் பக்கத்துக்கு வருவார்கள். ஆகவே தங்கையாகிய நான் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா சிறுநீரகக் கோளாற்றினால் சில காலம் படுக்கையில் இருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் தம் வீட்டிலேயே, உறவுகள் சூழ்ந்திருக்கக் காலமானார்கள். படுக்கையில் கிடந்தும் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை என்று எழுதினால் பார்க்க அழகாக இருக்கும். உண்மையாக இருக்காது. நன்றாகவே வேலை ஏவினார்கள். தலையணை சரியில்லை, ரசத்தில் புளி கூடிவிட்டது, ஃபேனைக் குறை என்று குரல் வந்துகொண்டே இருந்தது. அந்தக் குரல் நின்றபோதுதான் வீட்டில் எல்லோருக்கும் பயம் வந்தது.

நன்றியையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கும், கேட்ட நேரத்தில் மதுரைக்குக் கார் ஓட்டி வந்த பக்கத்துத் தெருத் தம்பிக்கும், வாரம் தவறாமல் ராஜபாளையத்திலிருந்து வந்து ஜெபம் செய்துவிட்டு எங்கள் வீட்டுக் காப்பியையும் குறை சொல்லாமல் குடித்துப் போன, அம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டு டீச்சருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த மகாராஜபுரத்து உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நேரில் வந்து திட்டிவிட்டுச் சாப்பிட்டுப் போங்கள்.

இனி, அக்காவின் வாழ்க்கை.

அக்கா பிறந்தது தேவதானத்தில். அப்பாவுக்கு நூற்பாலையில் வேலை கிடைத்ததும் குடும்பம் ராஜபாளையத்துக்கு வந்தது. பள்ளிப் படிப்பை முடித்ததோடு அக்கா வீட்டில் இருந்தார்கள். அந்தக் காலத்தில் அதற்குக் காரணம் எதுவும் யாரும் சொல்வதில்லை. அப்பா இறந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தோம். அத்தான் அதிகம் பேசமாட்டார்கள். பேசினால் பாதிப் பேச்சு பம்புசெட்டைப் பற்றியதாக இருக்கும். இருந்தும் இருவரும் ஒற்றுமையாகவே வாழ்ந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. ஏன் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. "சில பேருக்கு இப்படி ஆகும்மா" என்றார்கள். மூன்றாம் முறை உண்டானபோது, பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று உத்தரவாயிற்று. அம்மா அக்காவை ராஜபாளையத்துக்கு அழைத்துவந்து, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, கால்மாட்டில் செங்கல் அடுக்கி உயர்த்திவைத்தார்கள். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். வீட்டில் டி.வி. கிடையாது. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பதுதான் அக்காவின் வேலை.

வீட்டில் எழுதாத சட்டம் ஒன்றும் நடைமுறைக்கு வந்தது. பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தொட்டில் என்ற சொல்லே வராது. முதல் தடவை ஆசை ஆசையாகப் பேசியதுதான் கண்பட்டுவிட்டது என்று அம்மாவுக்கு எண்ணம். அத்தான் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள். "சாப்பிட்டியா, தூங்குனியா" என்று கேட்டுவிட்டுப் பேச ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அக்கா ஒருநாள் என்னிடம், "ஏட்டி, சும்மா கெடந்தா கண்டதெல்லாம் நெனைப்புக்கு வருது. எதையாவது படிக்கக் கொண்டாயேன்" என்றார்கள்.

நான் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் பஸ் பயணம். இன்ஸ்டிட்யூட்டுக்குப் பின்சந்தில் அண்ணாச்சி ஒருவர் வாடகைப் புத்தகக் கடை நடத்தினார். புத்தகம் கொண்டுவருவது எனக்குச் சிரமமில்லை. எந்தப் புத்தகம் என்பதில்தான் சிக்கல். அம்மா வாசலிலேயே நின்று தணிக்கை செய்தார்கள்.

சோகக் கதை கூடாது. அழுதால் வயிற்றில் இருப்பதற்கு ஆகாது. சரி என்று சிரிப்புக் கதை கொண்டுவந்தேன். அக்கா அதைப் படித்துக் குலுங்கிச் சிரித்ததைப் பார்த்த அம்மா, "வயிறு குலுங்குது, அதை மொதல்ல மூடு" என்று பிடுங்கிக்கொண்டார்கள். பேய்க் கதையைப் பற்றிப் பேச்சே இல்லை. சமையல் புத்தகம் கொண்டுவந்தால் அக்காவுக்குக் குமட்டியது. காதல் கதையை அக்காவே ஒதுக்கிவிட்டார்கள்: "கல்யாணத்தோட கதையை முடிச்சிருதான். பொறவுதானட்டி எல்லாமே இருக்கு." அடுத்த வீட்டு டீச்சர் அழகான ஜெப நூல் ஒன்று கொடுத்தார்கள். அத்தான் தம் பங்குக்குப் பொது அறிவுப் புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார்கள். அக்கா இரண்டையும் பணிவாக வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

கடைசியில், அம்மாவின் மனம் குளிரக் கோயில் வரலாறு ஏதாவது கொடுங்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் கடையைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நடந்தது ஆச்சரியமாக இருக்காது. சிவகாசியில் அச்சுப் பிசகிய சாமி காலண்டர் தாள்களை எடைக்கு வாங்கிவந்துதான் அவர் எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போடுவார். முருகனுக்கு மூக்கு ஓரிடத்திலும் அதன் நிறம் வேறிடத்திலும் இருக்கும். உள்ளே என்ன புத்தகம் என்பது முதுகில் ஒட்டிய எண்ணைப் பார்த்தால்தான் தெரியும். நான் கேட்ட அன்று எண் உதிர்ந்துபோன ஒன்றை உருவி, "இந்தா, லட்சுமி படம். கோயில் பொஸ்தகமாத்தான் இருக்கும், கொண்டு போ தாயி" என்றார்.

நிறம் விலகியதில் எட்டுக் கையோடு தெரிந்த அந்த மகாலட்சுமியை அம்மா கண்ணில் ஒற்றி அக்காவிடம் கொடுத்தார்கள். உள்ளே இருந்தது துப்பறியும் நாவல். முதல் அத்தியாயத்திலேயே கிணற்றில் பிணம்.

மறுநாள் நான் வீடு திரும்பியபோது அக்காவின் முகம் தெளிந்திருந்தது. அம்மாவுக்குக் கேட்காமல், "இதே மாதிரி இன்னொண்ணு கொண்டா. ஆனா கடைசிப் பக்கம் இருக்கான்னு பாத்துக்கோ" என்றார்கள். முடிவை முதலிலேயே படித்துவிட்டால் அப்புறம் என்ன சுவாரசியம் என்று கேட்டேன்.

"எனக்குச் சுவாரசியம் எதுக்கு? கொலையோ களவோ, இன்ன காரணத்துக்கு இன்னார் செஞ்சார்னு கடைசியில சொல்லிருதாங்கல்ல. எங்கதையில அதச் சொல்ல ஆளில்ல. வயித்துல இருக்கதுக்கு முடிவு தெரியாது. கையில இருக்கதுக்காவது தெரியட்டும்."

அன்றிலிருந்து கடைசிப் பக்கம் முழுசாக இருக்கும் கொலைக் கதைகளாகத் தேடித் தேடிக் கொண்டுவந்தேன். அண்ணாச்சியிடமும் விஷயத்தைச் சொன்னேன். அவர் முடிவு சரியாக இருக்கிறதா என்று தாமே பிரித்துப் பார்த்து, நல்ல லட்சணமான சாமியாகப் பார்த்து அட்டை போட்டுக் கொடுத்தார். அம்மாவும் மகள் பக்தியில் ஊறுகிறாள் என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொண்டார்கள்.

ஆடிப்பூரம் வந்தது. தேருக்குக் கூட்டம் கூடிவிட்டால் அண்ணாச்சியின் கடை வாசலில் வளையல் கடை முளைத்துவிடும். அவர் பூட்டிவிட்டுப் போய்விடுவார். அடைக்கும் நேரத்தில் ஓடிப்போய் அவர் மகனிடம் கையில் கிடைத்ததை வாங்கிவந்தேன். அவசரத்தில் பிரித்துப் பார்க்கவில்லை. மறுநாள் இன்ஸ்டிட்யூட்டும் விடுமுறை என்பதால் வீட்டில்தான் இருந்தேன். காலையில் அக்கா புத்தகத்தைக் கையில் எடுத்ததும் "ஐயையோ!" என்று ஓர் அலறல்.

அம்மா அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தார்கள். "என்னட்டி, என்ன செய்யுது? வலிக்கா?"

"வலியெல்லாம் இல்லம்மா. கொன்னது யாருன்னு இல்ல. எந்தச் சண்டாளனோ கடைசியைக் கிழிச்சுட்டுப் போயிட்டான்."

"யாரு யாரைக் கொன்னா?"

இனி மறைக்க வழியில்லை. நான் விஷயத்தைச் சொன்னேன். அம்மா என் பக்கம் திரும்பினார்கள். "லச்சுமி படம் போட்டதுக்குள்ள கொலையா? மாசமா இருக்கவகிட்ட இதக் கொண்டாந்து குடுத்திருக்கியே, நீ வெளங்குவியா? நான் வேற அம்புட்டுக்கும் பூ வச்சுக் கும்பிட்டேனே!" இன்னும் நிறையச் சொன்னார்கள். மலரில் அச்சேற்றத் தக்கவை இவ்வளவுதான். பிறகு விடுவிடென்று அடுக்களைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினார்கள்.

சற்று நேரம் கழித்து உள்ளிருந்தே குரல் வந்தது. "செத்தவன் என்ன சோலி பாத்தான்?"

"ஜின்னிங் பேக்டரி முதலாளிம்மா. மெயின் சுவிட்சுல கை வச்ச மேனிக்குச் செத்துக் கெடக்கான்" என்றார்கள், அதற்குள் புத்தகத்தைப் புரட்டிவிட்டிருந்த அக்கா.

"கூடப் பொறந்தவன் உண்டா?"

"ஒரு தம்பி உண்டு."

"அவன்தான்" என்றபடி அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்கள். "மொதல்ல இருந்து படிங்கட்டி."

நான் உரக்கப் படித்தேன். அக்கா முடிவு தெரியாமல் கேட்ட முதல் கதை அது. மதியம் போல அத்தானும் வந்தார்கள். அவர்களிடம் நாங்கள் கதையைச் சொல்ல, வாழ்நாளில் முதல்முறையாக அத்தான் ஒரு கதையில் அக்கறை காட்டினார்கள். "எர்த் வயரைக் கழட்டி விட்டிருக்கான். தம்பிக்கு அதெல்லாம் எங்க தெரியும்? மேனேஜர்தான்" என்றார்கள். அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. சொத்துக்கு ஆசைப்பட்டவன் எந்த வயரையும் கழட்டுவான் என்றார்கள். அக்கா மட்டும் கதையில் பிணத்தைப் பார்த்த டாக்டரைச் சந்தேகித்தார்கள். "செத்ததுக்குக் காரணம் தெரியலன்னு சொல்லுதாரு பாருங்க. அப்படிச் சொல்லுத டாக்டரை நான் நம்பவே மாட்டேன்" என்றார்கள். அதற்கு மட்டும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

சண்டை முற்றியது. கடைசியில் அம்மா கையை உதறி, "சரி விடுங்க. முழுப் பொஸ்தகம் எங்கயாவது இல்லாமலா போயிரும்? நாளைக்கு உம் மக பள்ளிக்கூடம் போயி, எழுத்துக் கூட்டிப் படிச்சு, யாருன்னு நமக்குச் சொல்லுவா" என்றார்கள்.

சொன்ன பிறகுதான் சொன்னது அம்மாவுக்கே உறைத்தது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அத்தான் தரையைப் பார்த்தார்கள்.

அக்கா வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார்கள். பிறகு, "பொண்ணுன்னு முடிவே பண்ணிட்டியாம்மா? இந்த உதை உதைக்கான். எனக்குப் பையன்னுதான் தோணுது" என்றார்கள்.

"பொண்ணுதான்" என்றார்கள் அத்தான், தலையை நிமிர்த்தாமலே.

"எப்படிச் சொல்லுதிய?"

"சும்மா... எனக்குப் பொண்ணு வேணும்."

அதை அத்தான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்காவின் கண் நிறைந்தது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. "பொண்ணுன்னா சரி. காது மட்டும் அவிய முறக்காதா இருந்திரக் கூடாது சாமி. கம்மல் வாங்கி மாளாது" என்றார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் வயிறு குலுங்கியது. அன்று யாரும் தடுக்கவில்லை. விளக்கு வைக்கும் வரை மூக்கு, நிறம், பள்ளிக்கூடம், பெயர் என்று பேச்சு போயிற்று. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் அந்த வீட்டில் நான் கண்டதில்லை.

ஆவணியில், மாதம் நிறைவதற்கு முன்பே அக்காவுக்கு வலி எடுத்தது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன உருவம். குழந்தையைத் தனி அறையில், பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தானாகப் பால் குடிக்கத் தொடங்கினால் பிழைத்துக்கொள்ளும், அதுவரை எதுவும் உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் மருத்துவர். அம்மா வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அத்தான் வாசலுக்கும் மாடிப்படிக்கும் நடந்தார்கள்.

இந்தச் செய்தி எப்படியோ அண்ணாச்சிக்கு எட்டியிருக்கிறது. நான் முன்பே கேட்டிருந்தபடி வேறொரு கடையில் தேடிப் பிடித்து, அந்த நாவலின் முழுப் பிரதியை ஆள் மூலம் அனுப்பியிருந்தார். எடுத்துக்கொண்டு அக்காவின் கட்டிலுக்குப் போனேன். இதாவது ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்து, "கடைசிப் பக்கம் இருக்குக்கா. பாக்கியா?" என்றேன்.

அக்கா புத்தகத்தை வாங்கவில்லை. அடுத்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டு, "வேண்டாம்ட்டி. மொதல்ல இருந்து படி. மெதுவாப் படி" என்றார்கள்.

படித்தேன். முதலாளி உயிரோடு இருக்கிறான், பஞ்சு வண்டி வருகிறது, தம்பி எடைபோடுகிறான். நான் என்ன படிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. அக்காவும் கேட்டதாகத் தோன்றவில்லை. அப்போது கதவு திறந்தது. நர்ஸ் ஒரு துணிச் சுருளை ஏந்தி வந்து, "அழ ஆரம்பிச்சிருக்கா. குடிக்காளான்னு பாப்போம்" என்று அக்காவின் மார்பில் வைத்தார்.

நான் பாதி வாக்கியத்தில் நிறுத்தினேன். அம்மாவும் அத்தானும் நர்ஸின் பின்னாலேயே வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். குழந்தை முகத்தை இங்கும் அங்குமாகத் திருப்பிற்று, பிறகு பற்றிக்கொண்டது.

"குடிக்கா" என்றார்கள் அக்கா.