மாமாவுக்குக் கொடுத்த ஐஸ்

சுண்டுவிரல் அளவு குப்பி. உள்ளே இருந்தது பார்வைக்கு வெறும் தண்ணீர். இறாலின் மரபணு ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்து, அதைக்கொண்டு செய்வித்த நொதியம் அது. வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் காத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் அதைக் கரைத்து, சூடுபட்டால் கெட்டுவிடும் என்று ஐஸ் பெட்டிக்குள் புதைத்து, மன்னாருக்குக் கொண்டுபோவது என் பொறுப்பு. எங்கள் ஆய்வுகூடத்தின் இளைய மாணவி, எருக்கலம்பிட்டிக்காரி, அங்கே இறால் தொட்டிகளோடு காத்திருந்தாள். அவளுடைய பட்டத்துக்கு மிச்சமிருந்த கடைசிப் பரிசோதனை. மாதம் முடிய அவளுக்குக் கொடுத்த காலமும் முடிகிறது.

“குலுக்கிப்போடாதேங்கோ அக்கா. ஐஸ் மட்டும் குறையக் கூடாது” என்றாள் போனில்.

“எனக்கே பாடம் எடுக்கிறீரோ?” என்று சிரித்தேன்.

உடுப்புப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போவோம் என்று வழியில் எங்கள் ஊரான பள்ளிமுனையில் இறங்கினேன். மாமாவின் படகு அப்போதுதான் கரைக்கு வந்திருந்தது. கரண்ட் இல்லாமல் ஐஸ் கடை பூட்டு. பாரை மீன்கள் வெயிலில் கிடந்தன.

“பிள்ளை, உந்தப் பெட்டிக்குள்ள ஐஸ் கிடக்கோ?”

எங்கள் கரையில் ஐஸ் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் கிடையாது. இன்றைக்கு மாமாவின் படகு, நாளைக்கு அப்பாவின் படகு. வேண்டாம் என்று மூளை சொல்லச் சொல்ல, கை பெட்டியைத் திறந்துவிட்டது. ஒரு பிடி ஐஸ்தான் குப்பிக்கு மிஞ்சியது. உடனேயாவது புறப்பட்டிருக்கலாம். மாமி தேத்தண்ணி நீட்ட, பெட்டியை முற்றத்து வெயிலில் விட்டுவிட்டு, கதிரையில் சாய்ந்து ஊர்க்கதை கேட்டேன். என்ன சனியன் பிடித்ததோ எனக்கு! புறப்படும்போது மாமா அந்த ஐஸிலேயே கொஞ்சம் போட்டு ஒரு பாரையைப் பையில் கட்டித் தந்தார். அவளுக்கே கொடுக்கலாம் என்று சந்தோஷமாக வாங்கினேன்.

ஓட்டோவில் அவளிடம் போய்ச் சேர்ந்து பெட்டியைத் திறந்தால், வெதுவெதுத்த தண்ணீரில் குப்பி மிதந்தது. நடந்ததை அப்படியே சொன்னேன். அவள் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“தெளிவாத்தான் இருக்கு அக்கா. செய்து பாப்பம்.”

நொதியம் உயிர்ப்போடு இருந்தால் நீலம் வர வேண்டும். பக்கத்தில் நின்று மாதாவை மன்றாடினேன். நீலம் வரவேயில்லை. இன்னொரு குப்பி வருவதற்குள் அவளுடைய காலம் முடிந்துவிடும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். “உம்மா சாப்பிட வரச் சொன்னவ, வாங்கோ” என்று வீட்டுக்குக் கூட்டிப்போனாள். நான் கொண்டுவந்த பாரையை அவள் முன்னமே அங்கே அனுப்பியிருந்தாள்.

“இந்த வெயிலுக்குள்ளயும் மீன் என்ன மாதிரி இருக்கு, பாருங்கோ!” உம்மா குழம்பை அள்ளி ஊற்றினார். “ஆர் ஐஸ் போட்டதோ, அல்லாஹ் அவைக்கு நல்லதைக் குடுக்கட்டும்.”

மகள் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

“அக்காதான் உம்மா, ஐஸ் குடுத்தவ.”

உம்மா என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.