டைரக்ட் வாங்கிய நெட்டைச் சைக்கிள்கள்

தம்பி தன் சைக்கிள் கடையைக் காலி செய்துகொண்டு போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெரு சோம்பல் முறித்துக்கொண்டிருந்த வேளையில் சின்ன லாரி ஒன்று பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. ரிம் கட்டு, டயர்கள், காற்றடிக்கும் பம்பு, சக்கரக் கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாக ஏறின. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அண்ணன், தான் பேப்பர் படிப்பதாக உலகத்தை நம்பவைக்க வேண்டியிருந்ததால், ஒரே பக்கத்தை வெகு நேரமாகக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். அந்தப் பக்கம் முழுக்க டெண்டர் விளம்பரங்கள்.

எல்லாம் ஏறியதும் தம்பி மாடிக்கு வந்தான். அண்ணனைத் தாண்டிக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றான்.

"அண்ணி, சாவி. ஷட்டர் பாதியில மாட்டிக்கும். லேசா தூக்கிப் பிடிச்சு இழுத்தா வந்துரும்."

அவ்வளவுதான். ஜன்னலோரம் ஒரு மனிதர் இருப்பதாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. பேச்சு வந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் 'அண்ணே' போட்டவன், அன்று அந்தச் சொல்லையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அண்ணன் பேப்பரை மடித்து, "போகட்டும், நல்லதுதான்" என்றார். அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த அண்ணனுக்குத் தெரு வைத்திருந்த பெயர் டைரக்ட். எந்தப் பொருளானாலும் அது பிறக்கும் இடத்துக்கே போய் வாங்க வேண்டும் என்பது அவர் கொள்கை. காய்கறிக்கு ஊருக்கு வெளியே தோட்டம் வரை ஸ்கூட்டரை விடுவார். பெட்ரோல் செலவைக் காய்கறியோடு சேர்க்கமாட்டார், ஏனென்றால் பெட்ரோல் காய்கறி இல்லை. கட்டிலை மரமறுக்கும் மில்லிலிருந்து டைரக்டாக வாங்கினார். அது இன்றுவரை பலகைகளாகவே படுக்கையறைச் சுவரில் சாய்ந்துகொண்டு, குடும்பம் தரையில் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கல்யாணத்துக்கும் தரகர் வைக்கவில்லை. தானே போய்ப் பெண் வீட்டுக் கதவைத் தட்டினார். மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைத்து எங்கள் அப்பா உள்ளே விட்டுவிட்டார், அதோடு என் தலையெழுத்து முடிந்தது என்பது அவர் மனைவி சொல்லும் விளக்கம்.

இடைத்தரகர் என்ற இனமே பூண்டற்றுப் போக வேண்டும் என்று நினைத்த இந்த மனிதர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில் வீட்டுத் தரகு. வீடு காட்டுவார், இரு பக்கமும் கமிஷன் வாங்குவார். அது வேறு என்பார். அது சேவை.

கீழ்த்தளத்தில் தம்பியின் சைக்கிள் கடை. வாடிக்கையாளரை நடக்கவிட்டு, நிற்கவிட்டு, கால் நீளத்தைக் கண்ணால் அளந்த பிறகுதான் எந்த வண்டியையும் இறக்குவான். ஒரு சாயங்காலம் ஒரு டீச்சரம்மா தனக்கு ஒரு வண்டியைத் தேர்ந்தெடுத்து, மணியைக்கூட அடித்துப் பார்த்துவிட்டார். காற்று வாங்கக் கீழே இறங்கிய டைரக்ட் தன் வாயைச் சும்மா வைத்திருந்திருக்கலாம். அது அவர் வாய்க்குப் பழக்கமில்லை.

"இதே சைக்கிள் சைனா ஃபேக்டரில பாதி விலை மேடம். இவன் சும்மா நடுவுல நிக்கிறவன். நிக்கிறதுக்கு ஒரு ரேட்டு."

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். டீச்சரம்மா யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர்தான். தம்பி குனிந்து ஒரு நட்டை முறுக்கிக்கொண்டிருந்தான். அது இறுகிய பிறகும் முறுக்கிக்கொண்டே இருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது.

சாவி கைக்கு வந்துவிட்டது, கடை காலியாக இருக்கிறது, கடலுக்கு அப்பால் ஃபேக்டரிகள் இரவும் பகலும் தனக்காகவே ஓடிக்கொண்டிருக்கின்றன என்று டைரக்டுக்குத் தோன்றியது. அவன் இல்லாமலே இந்தக் கடையை நடத்திக் காட்டுகிறேன் என்று மனைவியிடம் சவால் விட்டார். போனில் தேடி ஒரு சைனா கம்பெனியைப் பிடித்தார். அங்கிருந்து மெசேஜில் பேசிய பெண், முதல் வரியிலேயே அவரை 'டியர்' என்று அழைத்தாள். அவரை அப்படி யாரும் அழைத்ததில்லை. மனைவியும் விடவில்லை. போன் கிணுகிணுத்தால், "உங்க டியர் கூப்பிடுறா" என்று குரல் கொடுப்பார்.

முழு சைக்கிள் வாங்கினால் பெட்டி பெரிதாகி, கப்பல் வாடகை எகிறும். ஃபிரேமும், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் மட்டும் வாங்கி, சக்கரமும் சீட்டும் இங்கேயே சேர்த்துக்கொண்டால் கொள்ளை லாபம் என்று டியர் கணக்குச் சொன்னாள். ஒரே நிறம், ஒரே அளவு என்றால் இன்னும் குறைத்துத் தருவதாகவும் சொன்னாள். பிறகு அளவுப் பட்டியலை அனுப்பினாள்.

அந்தப் பட்டியலில்தான் டைரக்ட் ஒரு புதையலைக் கண்டார். சின்ன ஃபிரேமுக்கும் பெரிய ஃபிரேமுக்கும் ஒரே விலை.

அந்த வீட்டில் எந்தத் துணியும் செருப்பும் அளவாக வாங்கப்பட்டதில்லை. வளர்கிற பிள்ளை என்று சொல்லி மகளுக்கு வாங்கிய சீருடைக்குள் இன்னொரு பிள்ளையை வாடகைக்கு வைக்கலாம். மகள் வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டாள், சீருடை இன்னும் பெரிதாகத்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவர், அதே காசுக்கு அதிக உலோகம் தருகிறேன் என்று ஒருத்தி சொன்னால் விடுவாரா? இருப்பதிலேயே பெரிய அளவைத் தட்டினார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "இது யாருக்கு எட்டும்? நம்ம தெருவுல வெளக்குக் கம்பம்தான் அந்த உயரம்."

"சீட்டை இறக்கிக்கலாம். பெருசைச் சின்னதாக்கலாம், சின்னதைப் பெருசாக்க முடியுமா?"

இதற்கு மனைவியிடம் பதில் இருந்தது. ஆனால் முன்பெல்லாம் இந்த இடத்தில் கொழுந்தன் படியேறி வந்து, அண்ணி சொல்வதை அண்ணனுக்கும் அண்ணன் சொல்வதை அண்ணிக்கும் கொஞ்சம் பதமாக்கிச் சொல்லிவிட்டுப் போவான். இப்போது அந்தப் படியில் யாரும் இல்லை. பேச்சு அங்கேயே வெட்டிக்கொண்டு நின்றது. ஆர்டர் போய்விட்டது.

டைரக்டாக வாங்கிய பொருள் டைரக்டாக வரவில்லை. கப்பலில் இடம் பிடித்துத் தர ஓர் ஆள். துறைமுகத்தில் காகிதம் பார்த்து முத்திரை வாங்கித் தர இன்னோர் ஆள். அந்த ஆளைத் தெரிந்த ஓர் ஆள். இறக்க, ஏற்ற, லாரி பிடிக்க என்று தனித்தனி ஆட்கள். எல்லோரும் கை நீட்டினார்கள். டைரக்ட் எல்லோருக்கும் கொடுத்தார். இவர்களெல்லாம் இடைத்தரகர்களா என்று மகள் கேட்டபோது, இல்லை, உதவி செய்கிறவர்கள் என்றார்.

பெட்டிகள் கடையில் அடுக்கப்பட்டன. மூடப் போனபோது ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டது. தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டதுதான். ஆனால் தம்பி சொன்னதைச் செய்வதா என்று மூன்று பேரை வைத்து மிதிக்கவிட்டார். ஷட்டர் கோணியது.

பக்கத்துத் தெரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, முதல் வண்டியைக் கோத்தார். ஃபிரேம் உண்மையிலேயே அழகு. பற்றவைத்த இடம் தெரியாத வழவழப்பு, மினுமினுக்கும் நீலம். ஃபிரேமின் கழுத்துப் பள்ளத்தில் பால்ரஸ் குண்டுகளைப் போட்டு, ஃபோர்க்கை மாட்டி, செயினை ஓட்டி, சீட்டை இறங்குகிற மட்டும் இறக்கி முடித்த மெக்கானிக், வண்டியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தான்.

"யாருக்கு சார் இது?"

"யாரு வேணும்னாலும் ஓட்டலாம்."

"அதான் கேக்குறேன். யாரு அந்த ஆளு?"

வாசற்படியில் ஏறி நின்று, அங்கிருந்து தாவி, டைரக்ட் சைக்கிள்மேல் உட்கார்ந்தார். வண்டி சும்மா சொல்லக்கூடாது, வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. தெரு வாய்பிளந்து பார்த்தது. சிக்கல், நிறுத்த வேண்டும் என்று தோன்றியபோதுதான் ஆரம்பித்தது. கால் தரைக்கு எட்டாது. எட்டவைத்தால், நடுவில் ஓடும் அந்த மேல்கம்பி ஓர் ஆண்மகன் பேச விரும்பாத இடத்தில் வந்து முட்டும். ஆகவே நிற்காமல் சுற்றினார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. பார்ப்பவர்கள் உற்சாகம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

மாடி ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் நிதானமாக வந்தது. "எறங்குறதுக்கு நடுவுல ஒரு ஆள் வேணும் போல."

கடைசியில் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து இறங்கினார். வண்டி மட்டும் கொஞ்ச தூரம் தனியாகப் போய்ப் படுத்தது.

அதற்குப் பிறகு கடைக்கு வந்தவர்களெல்லாம் நீலத்தைப் பார்த்து மயங்கினார்கள். பக்கத்தில் நின்று பார்த்ததும் தெளிந்துவிட்டார்கள். டைரக்ட் கொதித்துப்போய் டியருக்கு எழுதினார். சின்ன அளவாக மாற்றித் தர வேண்டும் என்றார். உடனே பதில் வந்தது: கவலை வேண்டாம் டியர், நான் ஃபேக்டரியைக் கேட்டுச் சொல்கிறேன்.

அதை இரண்டு முறை படித்தார். அப்படியானால் நீ ஃபேக்டரி இல்லையா என்று கேட்டார். இல்லை டியர், நான் ஃபேக்டரிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் நல்ல நண்பர் என்றாள். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ படமும் போட்டிருந்தாள்.

அந்த வாரமே தொழிலிலும் ஓர் அடி விழுந்தது. அவர் நடையாய் நடந்து காட்டிய வீட்டை, வீட்டுக்காரரும் குடிவருகிறவரும் தங்களுக்குள்ளேயே பேசி முடித்துவிட்டார்கள். விசாரிக்கப் போனவரை வீட்டுக்காரர் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அன்பாகச் சொன்னார்:

"உங்களைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான் சார். நடுவுல சும்மா நிக்கிறவருக்கு எதுக்கு ரேட்டுன்னு டைரக்டா முடிச்சுட்டோம்."

நான் சும்மா நிற்கவில்லை, எத்தனை சாவி வாங்கினேன், எத்தனை படி ஏறினேன், கோபக்கார வீட்டுக்காரரைக் குடிவருகிறவரிடம் எவ்வளவு நல்லவராகக் காட்டினேன் என்றெல்லாம் சொல்ல வாயெடுத்தார். தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு வந்தார். அன்றைக்குக் கோணிய ஷட்டருக்குள் பெட்டிகளுக்கு நடுவே வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். தம்பி ஒரு நட்டை முறுக்கிக்கொண்டே இருந்த இடம் அதுதான்.

டைரக்டின் மனைவியும் தம்பி மனைவியும் போனில் பேசிக்கொள்வதை ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. தம்பி வேறு ஊரில் ஒரு சந்துக்குள் சின்னதாகக் கடை போட்டிருக்கிறான், பிழைத்துக்கொள்வான் என்று மனைவிக்குத் தெரியும். டைரக்ட் சுற்றி வளைத்துக் கேட்டார். அவனுக்கு உடம்பு எப்படி இருக்கிறதாம். அந்த ஊரில் வெயிலாமா. நம்மைப் பற்றி ஏதாவது கேட்டானா.

"நீங்களே டைரக்டா கேளுங்களேன்" என்றார் மனைவி.

தோட்டக்காரர், மில் முதலாளி, மாமனார், கடல் கடந்த டியர் என்று எவர் கதவையும் கூசாமல் தட்டிய மனிதருக்கு, கூடப்பிறந்தவனிடம் ஒரு வரி எழுத விரல் வரவில்லை. எழுதினார், அழித்தார். நீ செஞ்சது சரியா என்று ஆரம்பித்தார், அழித்தார். நான் விளையாட்டுக்குத்தான் என்று எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில், அவர் விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கியபோது மகள் எடுத்த படத்தைத் தேடி, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அனுப்பினார். மானத்தை வாங்கும் படம் என்று அதை அழிக்கச் சொல்லி மகளிடம் சண்டை போட்டவர் அவர்தான்.

தம்பி படத்தைப் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

நாள்கள் போயின. நீல ஃபிரேம்களில் ஒன்று மொட்டைமாடியில் துணி காய வைக்கப் போயிற்று. இன்னொன்றில் கொடி படர்ந்தது. மகள் படிப்பை முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். டைரக்ட் மறுபடி வீடு காட்டினார், ஆனால் இப்போதெல்லாம் காய்கறியைத் தெருமுனைக் கடையிலேயே வாங்கினார். காரணம் கேட்டால் ஸ்கூட்டர் ரிப்பேர் என்பார். ஸ்கூட்டர் நன்றாகத்தான் ஓடியது. போன் கிணுகிணுத்தால் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து பார்ப்பார். பெரும்பாலும் டியர்தான், புதிய மாடல்களோடு.

இரண்டு மழைக்காலம் கழித்து ஒரு காலையில் வந்தது டியர் இல்லை.

"ஷட்டரைத் தூக்கிப் பிடிச்சு இழுக்கச் சொன்னேன், கேட்டிருக்க மாட்டே. இங்க நெட்டையா ரெண்டு பேர் சைக்கிள் கேக்குறாங்க. ரெண்டு ஃபிரேம் அனுப்பு, ஃபோர்க்கை மறந்துடாதே. மீதியை வெச்சுக்கிட்டு நீயே அழு. அந்த ரெண்டையும் கோத்து வித்துத் தர்றேன். நடுவுல நிக்கிறதுக்கு ரேட்டு உண்டு, அண்ணே."